மடவை கடலுக்குப் போகும் வழி

பழவேற்காட்டு ஏரியில் மீன் குறைந்துவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு காரணங்கள் முதலில் வந்து நிற்கும். வலைகள் பெருகிவிட்டன என்பது ஒன்று. தண்ணீர் கெட்டுவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஏரியை ஒரு தொட்டியாகப் பார்க்கின்றன: இத்தனை மீன் இருந்தது, இத்தனையைப் பிடித்தோம், மிச்சம் இத்தனை என்று. பழவேற்காட்டில் நல்ல விலை போகும் மடவை, கொடுவா, வெள்ளை இறால், பச்சை நண்டு ஆகிய எதுவும் வாழ்நாள் முழுவதையும் ஏரிக்குள் கழித்து இனம் பெருக்குகிற உயிர் அல்ல. கடல்நீரில் பிறந்து, ஏரியில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக மறுபடியும் கடலைத் தேடிப் போகிறவை இவை. ஏரியின் உப்பு, அதன் ஆழம், முகத்துவாரத்தின் அகலம், ஆற்றுநீர் வந்து சேரும் மாதம் ஆகிய நான்கும்தான் அந்தப் பயணம் நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஏரியில் எத்தனை மீன் என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே வரவும் வெளியே போகவும் அந்தந்த மாதத்தில் மீனுக்கு வழி இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. தென்வடலாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. பரப்பு பெரிதே தவிர ஆழம் இல்லை. சராசரியாக ஒன்று, ஒன்றரை மீட்டர்தான். இந்த ஆழமின்மையே ஏரியின் குணத்தை வகுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் வடக்கே சொர்ணமுகியும் வெள்ளம் கொண்டுவந்தால், கடல்நீரைவிட உப்பாக இருந்த இடங்கள்கூடச் சில வாரங்களில் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். பங்குனி, சித்திரை வெயில் அதே மெல்லிய நீர்ப்பரப்பை உறிஞ்சும்போது உப்பு ஏறிக்கொண்டே போகும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், கோடையில் ஏரியின் வடபகுதி அந்த அளவையும் தாண்டிவிடும். ஆழமான ஏரியில் இப்படி நடக்காது. ஒரே இடத்தில் நின்றபடியே ஒரு மீன் ஆண்டுக்குள் ஆற்றையும் கடலையும் அனுபவிக்க வேண்டியிருக்கும் நீர்நிலை இது.

இதற்கு ஈடுகொடுக்கும் உடலமைப்பு எல்லா மீனுக்கும் வாய்ப்பதில்லை. நன்னீரில் இருக்கும் மீனின் உடம்புக்குள் தண்ணீர் தானாகவே ஊறி நுழையும். மீன் அதை ஓயாமல் சிறுநீராக வெளியேற்றியாக வேண்டும். உப்புநீரில் நிலைமை தலைகீழ்: உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே கசியும். அங்கே மீன் கடல்நீரைக் குடித்து, அதிலுள்ள உப்பைச் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் வழியாக வெளியே தள்ளும். மடவை இரண்டையும் செய்யும்; உப்பே இல்லாத நீரிலும் கடலைப்போல் இரு மடங்கு உப்புள்ள நீரிலும் உயிர் தரிக்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. உப்பைச் சமன் செய்யச் செலவாகும் ஆற்றல், வளர்ச்சியிலிருந்துதான் கழிக்கப்படுகிறது. அதனால் உப்பு மிதமாக இருக்கும் மாதங்களே ஏரிக்குள் மீன் சதை போடும் மாதங்கள். இரைக்குப் பஞ்சமில்லை. மடவை சேற்றின் மேல்படலத்தை வாயால் வழித்தெடுத்து, செவுள் முட்களால் சலித்து, மணலைத் துப்பிவிட்டு, நுண்பாசியையும் மக்கிய துகள்களையும் விழுங்கும். கோழியின் அரைவைப்பையைப் போன்ற தடித்த சுவருடைய அதன் வயிறு அவற்றை அரைக்கும். வெயில் தரைவரை எட்டும் ஆழமில்லாத நீரில்தான் அந்தப் பாசிப்படலம் செழிக்கும். எந்த ஆழமின்மை உப்பை ஏற்றி மீனை வதைக்கிறதோ, அதுவேதான் மீனுக்குச் சோறும் போடுகிறது.

மழைக்காலம் தொடங்கியதும் வளர்ந்த மடவைகளின் நடத்தை மாறுகிறது. தண்ணீர் குளிர்கிறது, உப்பு சட்டென்று இறங்குகிறது, ஏரி முழுவதும் முகத்துவாரத்தை நோக்கி ஓட்டம் பிடிக்கிறது. சினைப்பை திரண்ட மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து அந்த ஓட்டத்தோடு கடலுக்குப் போகின்றன. நம் கிழக்குக் கரையில் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே நடப்பது இது. ஒரு தாய்மீன் பல லட்சம் முட்டைகள் இடும். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஓர் எண்ணெய்த் துளி உண்டு. கடலின் உப்பில் முட்டை மிதக்க அதுவும் உதவுகிறது. நன்னீரிலோ உப்பு குறைந்த நீரிலோ அது அடியில் போய்ச் சேறு மூடி அழியும். பிறந்த குஞ்சு சில வாரங்கள் கடலில் கழித்து, இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்ததும் கரையோரமாக வந்து, கடல்நீர் ஏரிக்குள் ஏறும் நேரத்தில் முகத்துவாரம் வழியே நுழைகிறது. பெரியது வெளியே போக வற்றம் வேண்டும், சிறியது உள்ளே வர ஏற்றம் வேண்டும். இரண்டுக்கும் வாசல் ஒன்றே.

இறாலில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது, ஏனென்றால் அதன் வாழ்நாளே குறுகியது. வெள்ளை இறால் கடலில் இட்ட முட்டை ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும். அதன்பின் இரண்டு வாரத்துக்குள் குஞ்சு பலமுறை சட்டையுரித்து, உருவம் மாறி, ஒரு சென்டிமீட்டர் அளவில் கரையை எட்டும். இவ்வளவு சிறிய உயிர் ஓட்டத்தை எதிர்த்து நீந்த முடியாது, நீந்துவதும் இல்லை. ஏற்றத்தின்போது மேலெழுந்து நீரோடு உள்ளே போகும், வற்றத்தின்போது அடியில் இறங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். இப்படிப் படிப்படியாக ஏரிக்குள் வந்து, மூன்று நான்கு மாதத்தில் விரலளவைத் தாண்டி வளர்ந்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் வலுக்கும் இரவுகளில் கடலுக்குத் திரும்பும். பழவேற்காட்டு மீனவர்கள் வழிவழியாகக் காத்துவரும் பாடு முறை இந்த நடமாட்டத்தின் மேல் கட்டப்பட்டது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்கள் யாருக்கும் நிரந்தரச் சொந்தமாகாமல், ஊர்க் கட்டுப்பாட்டின்படி முறைவைத்துச் சுழன்று வரும். எந்த இரவில் எந்த ஓடையில் இறால் இறங்கும் என்ற அறிவு இல்லாமல் இப்படி ஒரு பங்கீட்டை யாராலும் வகுத்திருக்க முடியாது. இடுப்பளவு நீரில் குனிந்து, ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் பிழைப்பும் இதே கணக்கில்தான் நிற்கிறது. குஞ்சு உள்ளே வராத ஆண்டில் அந்தப் பறி நிறையாது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். மீன்களின் வாழ்க்கைச் சுழற்சி இவ்வளவு விறைப்பானதா, சூழல் மாறினால் அவையும் மாறிக்கொள்ளாதா என்பது அது. மாறிக்கொள்ளும் மீன்கள் உண்டு என்பதற்கு உலகப் புகழ்பெற்ற சான்று டிரவுட். வட பசிபிக் கரையோர ஆறுகளில் வானவில் டிரவுட் என்ற ஒரே இனத்துக்குள் இரண்டு வாழ்க்கை முறைகள் இருக்கின்றன. சில மீன்கள் பிறந்த ஓடையிலேயே வளர்ந்து அங்கேயே முட்டையிடுகின்றன. உடன்பிறந்தவை சில கடலுக்குப் போய்ப் பருத்துத் திரும்புகின்றன. ஓடையின் வெப்பம், இரை, ஓட்டத்தின் அளவு ஆகியவை மரபணுவோடு சேர்ந்து எது எந்த வழியில் போகும் என்பதை முடிவு செய்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு அவலாஞ்சிப் பண்ணையில் பொரிக்கப்பட்ட வானவில் டிரவுட்டின் வழித்தோன்றல்கள் கடலையே பார்க்காமல் மலையோடைகளில் பெருகியதற்கு இந்த நெகிழ்வுதான் காரணம். நம் கொடுவாவும் இந்த வகையில் டிரவுட்டுக்குச் சளைத்ததல்ல. மீனின் காதுக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வளர்ச்சிக் கோடுகள் படியும். கடல்நீரில் இருந்த காலத்தில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் கூடுதலாகப் படியும். ஆஸ்திரேலியாவின் வடகரையில் கொடுவாவின் காதுக்கல்லை அறுத்துப் படித்தவர்கள், ஆற்றில் பல ஆண்டுகள் கழித்த மீன்களையும் நன்னீருக்குள் நுழையவே நுழையாத மீன்களையும் ஒரே பகுதியில் கண்டார்கள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதன் வாழ்க்கையில் எதுவுமே நிலையானதல்ல என்று தோன்றக்கூடும்.

ஆனால் நெகிழ்வு எங்கே முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். டிரவுட்டுக்கு உள்ள இரண்டு வழிகளும் முழுமையானவை. ஓடையில் தங்கிய மீனும் ஓடையிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். முட்டைக்கு வேண்டிய சரளைக்கல்லும் குளிர்ந்த நன்னீரும் ஓடையில்தான் இருக்கின்றன; கடல் அதற்குக் கூடுதல் மேய்ச்சல் நிலம் மட்டுமே. மடவைக்கும் கொடுவாவுக்கும் கதை நேர்மாறானது. ஏரியும் ஆறும் மேய்ச்சல் நிலம், பிறப்பிடம் உப்புநீர். முகத்துவாரம் மூடிக்கொண்ட ஏரிக்குள் மடவை சாகாது, வளரவும் வளரும். சினைப்பை ஓரளவு திரளவும் செய்யும். ஆனால் கடைசி முதிர்ச்சி அங்கே நடக்காது, சினை மெல்லக் கரைந்து உடம்புக்குள்ளேயே திரும்பிவிடும். தனி மீன் சூழலுக்கு ஏற்ப மாறிக்கொண்டது, அதன் அடுத்த தலைமுறை பிறக்கவில்லை. நெகிழ்வு உயிரைக் காக்கும், வம்சத்தைக் காக்காது. முகத்துவாரம் தூர்ந்த ஆண்டிலேயே ஏரியில் பெரிய மடவை கிடைப்பது நின்றுவிடாது என்பதுதான் இதில் நம்மை ஏமாற்றுவது. முன்பே உள்ளே வந்தவை வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு சில பருவம் கழித்தே வெறுமை தெரியும். அதற்குள் காரணம் மறந்துபோய், பழி வலையின் மேல் விழும்.

வலைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. சிறுகண் வலையால் குஞ்சை வாரினால் எந்த ஏரியும் தாங்காது. ஆனால் இரண்டில் எது முதன்மை என்று பிரித்தறிய ஒரு பெரிய சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1990களில் சில்காவின் வாய்க்கால் தூர்ந்து, கடலோடு உள்ள தொடர்பு மெலிந்து, உப்பு குறைந்து, களைகள் பரவி, மீன்பிடிப்பு சரிந்தது. சர்வதேச ராம்சர் உடன்படிக்கை 1993இல் அதை ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் பதிவேட்டில் சேர்த்தது. சில்கா வளர்ச்சி ஆணையம் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு புதிய முகத்துவாரத்தை வெட்டித் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன்பிடிப்பு, 2001-02இல் ஏறக்குறைய 12,000 டன்னை எட்டியது. 2002இல் சில்கா அந்தப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. மீன் வருகிறது என்று தெரிந்ததும் வலைகளும் கூடியிருக்கும், அதனால் பிடிப்பின் அளவை மீனின் அளவாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்று ஒருவர் சொல்லலாம். ஏற்கத்தக்க எச்சரிக்கைதான். ஆனாலும் வலை மட்டும் கூடியிருந்தால் பிடிப்பு ஓராண்டு ஏறி மறு ஆண்டே விழுந்திருக்க வேண்டும். இரண்டே ஆண்டில் ஏழு மடங்கு ஏறியதற்கு, புதிதாக உள்ளே வந்த குஞ்சுகளைத் தவிர வேறு விளக்கம் தேடுவது கடினம்.

அப்படியானால் பழவேற்காட்டிலும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் தீர்ந்ததா? இல்லை, இங்கேதான் சில்காவுக்கும் பழவேற்காட்டுக்கும் உள்ள வேறுபாடு குறுக்கே நிற்கிறது. சில்காவுக்குப் பின்னால் மகாநதியின் கிளைகள் இருக்கின்றன. பழவேற்காட்டுக்கு இருப்பவை மழை பெய்தால் ஓடும் சிற்றாறுகள். ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் கரையோர மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்தி, வாசலின் குறுக்கே திட்டாகக் குவிக்கின்றன. இந்தக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான். அது மட்டும் தனியாக நின்று மணலைத் தள்ளிவிட முடியாது. ஆற்று வெள்ளம் வந்து அழுத்தினால்தான் வாசல் ஆழப்படும். ஆரணியாற்றின் குறுக்கே பிச்சாட்டூரில் அணை இருக்கிறது. வழியெங்கும் பாசனத்துக்கும் குடிநீருக்கும் தேவை இருக்கிறது. வடபகுதியில் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியின் குறுக்கே போகிறது. நீர் குறையக் குறைய வாசல் சுருங்கும். வாசல் சுருங்கச் சுருங்க உள்ளே உப்பு ஏறும். ஒன்றை மட்டும் சரிசெய்து மற்றதை விட்டுவிட முடியாது.

ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்பது நம் ஊரில் மழைக்காலம்தோறும் கேட்கும் வாசகம். விவசாயிக்கும் சென்னையின் குடிநீருக்கும் தண்ணீர் வேண்டாமா என்று கேட்பவரின் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் வீண் என்ற சொல்லை ஏற்க முடியாது. குயின்ஸ்லாந்தின் ஃபிட்ஸ்ராய் ஆற்று முகத்தில் கொடுவாவின் வயதைக் கணக்கிட்ட ஆய்வு, ஆற்றுநீர் அதிகமாக வந்த ஆண்டுகளில் பிறந்த மீன்களே பின்னாளில் எண்ணிக்கையில் மிகுந்திருந்ததைக் காட்டியது. நம் காவிரி அதற்கு எதிர்ப்பக்கச் சான்று. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி நன்னீரில் முட்டையிடும் உள்ளம் மீன், பயண முறையில் டிரவுட்டுக்கு நமக்குள்ள மிக நெருங்கிய இணை. ஒரு காலத்தில் காவிரியில் அது பெரிய அளவில் பிடிபட்டது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, வெள்ளத்தின் அளவும் காலமும் மாறிய பிறகு அந்த மீன்பிடிப்பு அழிந்துபோனது. அணையால் டெல்டாவுக்குக் கிடைத்த பயனை இதைச் சொல்லி மறுக்கவில்லை. உள்ளத்துக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை என்பதுதான் குறை. பழவேற்காட்டில் அதே தவறைக் கண்ணைத் திறந்துகொண்டே செய்ய வேண்டியதில்லை.

பொரிப்பகங்கள் இருக்க இயற்கை வாசலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று கேட்போரும் உண்டு. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவாவைச் சிறைநீரில் இனப்பெருக்கம் செய்யவைத்தது பெருமைப்பட வேண்டிய சாதனை. பண்ணை வைப்பவருக்கு அது பெரும் உதவி. ஆனால் பொரிப்பகத்தால் ஏரிக்குக் கொடுக்க முடிவது தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டு இனத்தின் குஞ்சுகளை மட்டுமே. முகத்துவாரம் ஒரே பருவத்தில் எத்தனையோ வகை மீன், இறால், நண்டுக் குஞ்சுகளைக் கூலியின்றிக் கொண்டுவந்து சேர்க்கிறது. விட்ட குஞ்சும் வளர்ந்தபின் வெளியே போக வாசல் வேண்டும். இல்லையென்றால் ஆண்டுதோறும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடையும் இதற்கு மாற்றாகாது. மடவை கடலுக்குப் போகும் காலம் அந்த நாட்களுக்கு வெகுதூரம் தள்ளி, மழை மாதங்களில் வருகிறது. அந்த மாதங்களில் மடவைக்குத் தேவை திறந்த வாய்.

தூர்ந்த வாயை மீனவர்கள் தாங்களே திரண்டு வெட்டிய ஆண்டுகள் உண்டு. இப்போது அரசு முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி அதை நிலைப்படுத்தும் திட்டத்தைக் கையிலெடுத்திருக்கிறது. மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற திட்டம் இது, அதை வரவேற்கிறேன். ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் கரை அரிக்கப்பட்டது. கரையோரமாக நீட்டும் எந்தக் கற்சுவருக்கும் இந்த விளைவு உண்டு, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் உட்பட. ஆகவே முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள கரையைத் தொடர்ந்து அளந்து வர வேண்டும். இரண்டாவது, ஆற்றுநீர் வராமல் வாசல் மட்டும் ஆண்டு முழுவதும் திறந்திருந்தால் ஏரி கடலின் ஒரு கையாகிவிடும். கடல்நீரின் உப்பு நிரந்தரமாகும். மடவையை வெளியே கிளப்பும் அந்த மழைக்கால மாற்றமும், மிதமான உப்பில் இறால் வளரும் மாதங்களும் மங்கிப்போகும். வாசல் திறப்பது பாதி வேலைதான்.

மீதிப் பாதி ஆரணியாற்றில் இருக்கிறது. தமிழ்நாடும் ஆந்திரமும் அந்த ஆற்றின் நீரைப் பங்கிடும்போது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரிக்கு என்று ஒரு பங்கை எழுத்தில் ஒதுக்க வேண்டும். முகத்துவாரத்தின் ஆழத்தையும் ஏரியின் மூன்று நான்கு இடங்களில் உப்பின் அளவையும் மாதந்தோறும் அளந்து, பழவேற்காட்டு மீனவக் கிராமங்களின் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதிப் போட வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. சட்டமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பழவேற்காட்டின் மீன்வளம் பேசப்படும் அடுத்த முறை, எத்தனை டன் பிடிபட்டது என்பதோடு இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கேளுங்கள்.